சச்சரவில்லாத நூறு நாள்

என் வலது கால் கட்டை விரல் நகம் கோணலா இருக்கும். செருப்புக் கடைக்காரர் கேட்டாலும் சரி, டாக்டர் கேட்டாலும் சரி, 'ஃபேக்டரியில அடிபட்டது'ன்னு சொல்லுவேன். ராணுவத்துக்கு சாமான் செய்யிற ஃபேக்டரின்னு சேத்து சொன்னா, கேக்கறவங்க முகத்துல ஒரு மரியாதை வரும். ஏதோ பீரங்கியே கால் மேல ஏறின மாதிரி. உண்மையில என் கால்ல விழுந்தது ஒரு போர்டு. 'விபத்தில்லா நாட்கள்'னு எழுதின போர்டு. அதை மாட்டினது நான். ஆணியை சரியா அடிக்காதது நான். தெனம் காலையில அதுல நம்பர் எழுதற பாதுகாப்பு செக்‌ஷன் கிளார்க்கும் நானேதான்.

இதைவிடக் கேவலம் அதுக்கப்புறம் நடந்தது. போர்டுல அன்னிக்கு நூத்தி எண்பத்தியேழு. அடிபட்டதை எழுதிக் குடுத்தா, நானே அந்த நம்பரை அழிச்சு முட்டை போடணும். எரநூறு நாள் ஆனா செக்‌ஷன்ல ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர்னு சொல்லியிருந்தாங்க. அதனால ரத்தத்தைத் தொடச்சிட்டு, அதே போர்டை திருப்பி மாட்டிட்டு, மறுநாள் சாக்பீஸ் எடுத்து நூத்தி எண்பத்தியெட்டுன்னு அழகா எழுதினேன். பதிமூணு நாள் நொண்டாம நடந்தேன். கேரியர் வந்துச்சு. நகம் போச்சு.

இது ஒருத்தனுக்குத்தான் தெரியும். என்கூட அப்ரண்டிஸ் முடிச்சவன், அப்புறம் வெல்டரா ஆனவன். ஃபேக்டரி ஆஸ்பத்திரிக்குப் போனா ரிஜிஸ்தர்ல எழுதிடுவாங்கன்னு, அவன்தான் என்னை சைக்கிள் பின்னாடி உக்கார வெச்சி அம்பத்தூர்ல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிகினு போனான். வழி பூரா சிரிச்சிகினே வந்தான். "இன்னா நைனா, சேஃப்டி செக்‌ஷனே சேஃப்டியா இல்லியே"ன்னான். இன்னிக்கு வரைக்கும் வெளிய சொல்லல.

எங்க ஃபேக்டரியில இது சகஜம். கை கிழிஞ்சா எண்ணெய்த் துணியைச் சுத்திப்பாங்க. கண்ணுல பொறி பட்டா, பொண்டாட்டி கூட சண்டைன்னு சொல்லிப்பாங்க. போர்டுல நம்பர் ஏற ஏற, கையை பாக்கெட்டுக்குள்ள வெச்சிகினு நடக்கற ஆளுங்களும் ஏறிகினே போவாங்க. நான் காலையில நம்பர் எழுதும்போது எல்லாரும் நின்னு பாப்பாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாத ஒரு ஊர் இருந்தா எப்படி இருக்கும்னு அந்த நம்பரைப் பாத்தா தோணும்.

எண்பதுகளோட கடைசி அது. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவுல எங்க குவார்ட்டர்ஸ். மூணு மாடி மஞ்சள் பிளாக்குங்க. சாயங்காலம் சங்கு ஊதினதும் சைக்கிளுங்க ஆறு மாதிரி கேட்டுக்குள்ள வரும். மணிச் சத்தம் எல்லாம் ஒண்ணா கலந்து, தூரத்துல எங்கேயோ கோயில் இருக்கற மாதிரி கேக்கும். திருநெல்வேலிக்காரங்க, தஞ்சாவூர்க்காரங்க, சேலம், ராம்நாடுன்னு எல்லா ஊர்க்காரங்களும் இருந்தாங்க. ஏழு மணிக்கு எங்க படிக்கட்டு ஏறினா மூணு மாடிக்குள்ள முழு தமிழ்நாட்டையும் மோந்து பாத்துடலாம். கீழ சொதி, நடுவுல வத்தக் குழம்பு, மேல கருவாடு. இப்ப கண்ணை மூடினாலும் அந்தப் படிக்கட்டுல ஏறிகினே இருக்கேன், மாடி மட்டும் வர மாட்டேங்குது.

அங்க யாரும் யாரையும் இன்ன ஜாதின்னு கேக்க மாட்டாங்க. 'எந்த ஊரு?'ன்னு கேப்பாங்க. அப்புறம் 'ஊர்ல எந்தப் பக்கம்?' அப்புறம் 'கும்புடற சாமி எது?' மூணாவது கேள்வியில ஆளை அளந்து முடிச்சிடுவாங்க. அந்த வார்த்தை மட்டும் ஒருத்தர் வாயிலயும் வராது. டீசன்ட்டுன்னா அதுதான்னு நானும் நெனச்சிகினு இருந்தேன்.

என் நண்பனுக்கு அந்த டீசன்ட் கிடையாது. மொத கேள்வியிலயே முடிச்சிடுவான். "செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழ. எங்கப்பாரு கூலிக்கு நாத்து நட்டவரு. நாங்க எஸ்.சி. வேற இன்னா வோணும்?" கேட்டவர் உடனே வானத்தைப் பாப்பாரு. மழை வரும் போல இருக்கேன்னு சொல்லுவாரு. சித்திரை மாசமா இருந்தாலும் சொல்லுவாரு.

அந்த வருஷம் ஆடி மாசத்துல குழாயடியில ஒரு சண்டை. தண்ணி நூல் மாதிரி வந்துகினு இருக்கு, குடம் வரிசையில என் நண்பனோட சம்சாரம் குடம் முன்னாடி வந்துடுச்சு. பின்னாடி நின்னவர் எங்க நலச் சங்கத் தலைவர், ஃபோர்மேன். அவருக்குக் கோவம் வந்து அவங்க ஜாதிப் பேரை வசவு மாதிரி சொல்லிட்டாரு. சொன்னதும் அவருக்கே முகம் செத்துப் போச்சு. அந்தம்மா குடத்தை எடுத்துகினு நடந்துட்டாங்க.

ஞாயித்துக்கிழமை பேட்மிண்டன் கோர்ட்ல சங்கக் கூட்டம். எனக்கு ஒரு ஐடியா வந்துச்சு. எனக்கு ஐடியா வந்தா யாராவது ஒருத்தருக்கு அடிபடும், அது அப்ப எனக்குத் தெரியல. எழுந்து நின்னேன். ஃபேக்டரியில விபத்தில்லா நாட்கள் போர்டு இருக்கற மாதிரி, நம்ம குவார்ட்டர்ஸ்ல ஒரு 'சச்சரவில்லா நாட்கள்' போர்டு வெக்கலாம்னு சொன்னேன். ஜாதி, மதம், கட்சி, சொந்த ஊர், இந்த நாலையும் பொது இடத்துல பேசக்கூடாது. பேசினா நம்பர் பூஜ்யம். நூறு நாள் தாண்டினா பெரிய ஆபீசரைக் கூப்பிட்டு விழா. வீட்டுக்கு ஒரு பதார்த்தம் செஞ்சி எடுத்துகினு வந்து எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடறது.

கை தட்டினாங்க. மொதல்ல தட்டினது தலைவர்தான்.

பால் பூத்துக்குப் பக்கத்துல போர்டு வந்துச்சு. இந்தத் தடவை ஆணியை வேற ஆளை விட்டு அடிச்சேன். தெனம் காலையில பால் பாக்கெட்டோட நின்னு நம்பர் எழுதுவேன். ஜனங்க பாத்துட்டுப் போவாங்க. ஒரு கவர்னர் மாதிரி இருக்கும் எனக்கு.

என் நண்பன்கிட்ட எப்படி இருக்குன்னு கேட்டேன்.

"நல்லதுதான் நைனா. அந்தாளு வாய மூடிச்சில்ல, அத்த நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். எங்கூட்ல இப்பல்லாம் பயமில்லாம தண்ணிக்குப் போவுது."

"அப்புறம் ஏன் சிரிக்கிறே?"

"ஒன் போர்டு இன்னா வேல செய்யும்னு எனுக்குத் தெரியாதா? ஒன் கால் வெரல பாத்தவன்பா நானு."

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். இப்பல்லாம் கல்யாண வீட்டுல, ரயில்ல, எங்க உக்காந்தாலும் ஒருத்தர் 'இந்தக் காலத்துல எதையும் மனசு விட்டுப் பேச முடியலப்பா, எல்லாத்துக்கும் கோச்சிக்கிறாங்க'ன்னு சொல்லுவாரு. அவர் மனசு விட்டுப் பேச ஆசைப்படறது என்னான்னு கொஞ்ச நேரம் கேட்டா, பழைய குழாயடி வசவுதான் வரும். அந்த வாயை மூடினதுக்காக நான் வருத்தப்படல. தலைவர் அதுக்கப்புறம் என் நண்பனை 'தோழரே'ன்னு கூப்பிட ஆரம்பிச்சாரு. அது நடிப்பாவே இருந்துட்டுப் போகட்டும், வசவுக்கு நடிப்பு தேவலாம். ஆனா அதே பூட்டு அடிபட்டவன் வாய்க்கும் சேரும்னு எனக்குத் தோணவே இல்ல. சாவியை வேற நான்தான் பாக்கெட்ல வெச்சிகினு அலைஞ்சேன்.

தீபாவளி வந்தப்போ போர்டுல எண்பத்தி நாலு. மழை விட்டு விட்டுப் பெஞ்சிகினு இருந்துச்சு. பட்டாசுப் புகையும் மழைச் சாரலும் சேந்து, பிளாக்குங்க எல்லாம் தண்ணியில மெதக்கற மாதிரி தெரிஞ்சுது. அந்தப் புகைக்குள்ள தட்டுங்க போகும் வரும். குவார்ட்டர்ஸ் வழக்கம் அது. எல்லா வீட்டுலேருந்தும் எல்லா வீட்டுக்கும் பலகாரத் தட்டு. தட்டை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது.

என் நண்பனோட சம்சாரம் அந்த வருஷம் அதிரசம் செஞ்சாங்க. அவங்களும் எங்க படிக்கட்டுதான், மத்த அஞ்சு வீட்டுக்கும் அவங்களே எடுத்துகினு வந்தாங்க. வெல்லமும் ஏலக்காயும் மணந்துச்சு. எங்க அம்மா சிரிச்ச முகத்தோட வாங்கி, அதே தட்டுல மைசூர் பாகு வெச்சி, மேல ரெண்டு வெத்தலை வெச்சி அனுப்பினாங்க. கதவு சாத்தினதும் அதிரசத்தை நான் வாங்கற பேப்பர்ல மடிச்சாங்க. அது இங்கிலீஷ் பேப்பர். இங்கிலீஷ் வளரட்டும்னு ஒரு வருஷமா வாங்கிகினு இருந்தேன். பேப்பர்தான் வளந்துச்சு, பரண் வரைக்கும்.

"ஏம்மா மடிக்கறே? சாப்பிடலாமே"ன்னேன்.

"எனக்கு சக்கரை."

"எனக்கு இல்லியே."

"ஒனக்கு வயிறு சரியில்ல."

"வயிறு நல்லாத்தான் இருக்கு."

"சரியில்லன்னு சொல்றேன்ல."

அவ்வளவுதான். அம்மா அந்த வார்த்தையைச் சொல்லல, நானும் சொல்லல. எங்க வீட்டுல சச்சரவே இல்ல. அம்மா கீழ இறங்கிப் போய் கழுநீர் டிரம்ல போட்டுட்டு வந்தாங்க. படிக்கட்டு ஓரத்துல ஒரு நீல டிரம் இருக்கும். எல்லா வீட்டுக் கழுநீரும் அதுல. மாட்டுக்காரர் வந்து எடுத்துகினு போவாரு. நான் அப்ப சாய்வு நாற்காலியில உக்காந்து, சமத்துவம்னு தலைப்பு போட்டு விழாவுக்கு வரவேற்புரை எழுதிகினு இருந்தேன். இதை நான் ஜோக்குக்காகச் சேக்கல. நெஜமா அதைத்தான் எழுதிகினு இருந்தேன்.

ஏழு நாள் கழிச்சி, தொண்ணூத்தியொண்ணாவது நாள், என் நண்பன் சைக்கிள் ஸ்டாண்டுல நின்னுகினு இருந்தான். தகரக் கூரை மேல மழை. சைக்கிள் சீட்டுங்க மேல எல்லாம் பாலிதீன் கவர் மாட்டியிருந்துச்சு. கையில சீட்டு கவரைச் சுருட்டிகினே பேசினான்.

"தீபாவளி மறுநாள் காலையில எங்கூட்ல பாலு வாங்க கீழ எறங்குச்சு. அந்த டிரம்மு மூடி தெறந்து கீது. உள்ள பாத்தா அது சுட்ட அதிரசம். மெதக்குது. ஒண்ணு ரெண்டு இல்ல நைனா. நாலஞ்சி ஊட்டுது இருக்கும்."

நான் மழையைப் பாத்தேன். மழை வரும் போல இருக்கேன்னு சொல்லவும் முடியல, ஏற்கெனவே வந்துகினு இருந்துச்சு.

"தெனம் அந்த டிரம்மத் தாண்டித்தான் பாலு வாங்கப் போவுது. சரியா சோறு துன்றதில்ல. வானகரத்துல மன ஒண்ணு வாங்கிப் போட்டுகீறேன்ல, அங்க ஷீட்டப் போட்டுகினு போயிடலாம்னு சொல்லுது. எனுக்கு இஷ்டமில்ல. பொண்ணு இங்க ரெண்டாவது பட்சிகினு கீது, நடந்தே போய் வருது. அங்க போனா மெயின் ரோட்டத் தாண்டணும்."

"இப்ப என்ன பண்ணலாம்ன்றே?"

"ஞாயித்திக்கெயம கூட்டத்துல கேக்கலாம். சண்ட போட மாட்டேன். யாரு போட்டது, இன்னாத்துக்குப் போட்டது, மூஞ்சப் பாத்து சொல்லுங்கன்னு கேப்பேன். பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லட்டும். சொன்னா நாங்க இங்கியே இருந்துக்கறோம். சொல்லாம சிரிச்சிகினே வாங்கறாங்க பாரு, அத்தான் அதால தாங்க முடியல."

நான் என்ன சொல்லியிருக்கணும்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தொண்டை வரைக்கும் வந்துச்சு. வாயில என்ன வந்துச்சுன்னா, "மாமே, இன்னும் ஒம்போது நாள்தான் இருக்கு."

"எதுக்கு?"

"நூறுக்கு. கூட்டத்துல ஜாதி பேசினா பூஜ்யம் ஆயிடும். ஆபீசர்கிட்டயும் தேதி வாங்கியாச்சு."

"ஜாதிய எங்க நைனா பேசினேன்? அதிரசத்தத்தான் பேசறேன்."

"கேட்டா அங்கதான் போய் முடியும்."

"முடியட்டுமே. என் சர்டிபிகேட்லயே எய்திகீது. அத்த நானே சொன்னாக் கூட ஒனுக்கு பூஜ்யமா?"

வழக்கம் போல ஒரு ஐடியா சொன்னேன். நீ பேச வேணாம், நானே நாசூக்கா எழுதி தீர்மானமா கொண்டுவரேன், யார் மனசும் புண்படாம விஷயம் சபைக்கு வந்துடும். அவன் என்னை ரொம்ப நேரம் பாத்தான். அப்பவே ஏதோ கேக்க வந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம், "சரி, நீயே சொல்லு. நீ சொன்னா போதும்"னான். கவரை சீட்டு மேல மாட்டிட்டு மழையிலயே நடந்து போனான். சைக்கிளை எடுத்துகினு போகலன்றது எனக்கு அவன் போனப்புறம்தான் தோணுச்சு.

மூணு நாள் உக்காந்து எழுதினேன். 'அதிரசம்'னு எழுதினா யார் செஞ்சதுன்னு தெரிஞ்சிடும், 'இனிப்பு'ன்னு மாத்தினேன். 'டிரம்'னு எழுதினா அசிங்கம், எடுத்துட்டேன். 'போட்டார்கள்'னு எழுதினா யாரோ போட்ட மாதிரி இருக்கு, அதையும் எடுத்துட்டேன். கடைசியில மிச்சம் நின்னது: 'பண்டிகைக் காலப் பலகாரப் பரிமாற்றத்தில் சில உறுப்பினர்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டிருக்க வாய்ப்பு உள்ளதாகத் தெரிய வருகிறது.' படிச்சிப் பாத்தேன். இதைவிட வழவழன்னு ஒரு வாக்கியம் ஆவடி ரேஷன்ல குடுக்கற பாமாயில்ல கூட கிடையாது. எனக்குப் பெருமையா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை கோர்ட்ல தண்ணி நின்னதால ரீடிங் ரூம்ல கூட்டம். என் நண்பனும் அவன் சம்சாரமும் கதவு ஓரத்துல உக்காந்திருந்தாங்க. அந்தம்மா அதுவரைக்கும் கூட்டத்துக்கு வந்ததே இல்ல. எங்க அம்மா மூணாவது வரிசையில. நான் வாசிச்சேன். எல்லாரும் தலையாட்டினாங்க. மனவருத்தம்னா பாவம்தானேன்னு ஒருத்தர் உச்சு கொட்டினாரு.

தலைவர் எழுந்தாரு. "ரொம்ப முக்கியமான விஷயத்தைத் தோழர் ரொம்ப நாகரிகமா சொல்லியிருக்காரு. ஒருத்தருக்கு சக்கரை இருக்கும், ஒருத்தருக்கு விரதம் இருக்கும். தெரியாம தட்டு வரும், வாங்கிக்கவும் முடியாது, வேணாம்னு சொல்லவும் முடியாது. சங்கடம்தானே? அதனால இனிமே குவார்ட்டர்ஸ்ல பலகாரத் தட்டு மாத்திக்கற வழக்கத்தையே நிறுத்திக்கலாம். யாருக்கும் மனவருத்தம் வராது."

எல்லாரும் கை தூக்கினாங்க. இன்னொருத்தர், அப்படின்னா நூறாவது நாள் விழாவுக்கும் வீட்டுக்கு ஒரு பதார்த்தம் வேணாம், வெளி சமையல்காரரை வெச்சிக்கலாம்னாரு. அதுக்கும் கை தூக்கினாங்க. அம்மா தூக்கினாங்க. தீர்மானம் கொண்டுவந்தவனே தூக்காம இருந்தா நல்லா இருக்காதேன்னு நானும் தூக்கினேன்.

கை மேல இருக்கும்போதுதான் கதவுப் பக்கம் பாத்தேன். அந்தம்மா என் கையைத்தான் பாத்துகினு இருந்தாங்க. கோவமா பாக்கல. பஸ்ஸு வருதான்னு பாக்கறவங்க, அது வேற நம்பர் பஸ்ஸுன்னு தெரிஞ்சதும் பாப்பாங்களே, அப்படி. ரெண்டு பேரும் எழுந்து போனாங்க. நாற்காலி நகந்த சத்தம் கூட கேக்கல.

மறுநாள் காலையில போர்டுல தொண்ணூத்தியாறுன்னு எழுதினேன். சாக்பீஸ் நனைஞ்சிருந்துச்சு, சரியா விழல.

நூறாவது நாள் மழை நின்னு, வெயிலும் இல்லாம, வானம் பூரா பால் கலர்ல இருந்துச்சு. போர்டுக்கு சாமந்தி மாலை போட்டிருந்தாங்க. மாலை போட்டதும் அது செத்துப் போனவங்க போட்டோ மாதிரி ஆயிடுச்சு, யாரும் கவனிக்கல. ஆபீசர் வந்து நூறுன்னு அவர் கையாலயே எழுதினாரு. நான் வரவேற்புரை வாசிச்சேன். சமத்துவம்னு நான் பதினோராவது தடவையோ பன்னெண்டாவது தடவையோ சொல்லும்போது, மைக்குக்குப் பின்னாடி ஒரு மினி லாரி ரிவர்ஸ் எடுக்கற சத்தம். திரும்பிப் பாத்தேன். எங்க பிளாக் வாசல்ல கட்டில், பீரோ, சுருட்டின பாய், தையல் மிஷின். மேல அவங்க பொண்ணு, அடுக்கி வெச்ச தலைகாணி மேல உக்காந்து எங்க விழாவைப் பாத்து கையாட்டுது. அதுக்கு மைக்குன்னா பிடிக்கும்.

ஓடிப் போயிருக்கலாம். கையில இன்னும் ரெண்டு பக்கம் இருந்துச்சு. வாசிச்சி முடிச்சேன்.

சாப்பாடு நல்லா இருந்துச்சு. எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிட்டோம். யாருக்கும் ஒரு மனவருத்தமும் இல்ல.

அதுக்கப்புறம் ஃபேக்டரியில அவனைப் பாப்பேன். பேசுவான், சிரிப்பான், டீ வாங்கிக் குடுப்பான். வேற வேற ஷிஃப்ட், அதனால ஜாஸ்தி நேரம் கிடைக்கலன்னு எனக்கு நானே சொல்லிப்பேன். போர்டு எரநூத்துச் சொச்சம் வரைக்கும் போச்சு. அதுக்குள்ள குவார்ட்டர்ஸ்ல ஜனங்க ஒருத்தருக்கொருத்தர் பேசறதே கொறைஞ்சி போச்சு. கதவைத் தெறந்து வெக்கிற வழக்கம் போச்சு. ஒரு நாள் நான் நம்பர் எழுத மறந்தேன், யாரும் ஏன்னு கேக்கல. மறுநாளும் எழுதல. போர்டு அங்கேயே தொங்கிச்சு, மழையில ஊறி.

ஒன்றரை வருஷம் கழிச்சி ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் வானகரம் போனேன். பூந்தமல்லி ரோட்டுல பஸ்ஸை விட்டு இறங்கி, வயலும் மனைக் கல்லுமா கெடந்த எடத்துல விசாரிச்சிகினே நடந்தேன். வெயில்ல எல்லாம் ஆடிகினு இருந்துச்சு, கல்லு, கொடி, தூரத்துல ஆடு. கனவுல யார் வீட்டையோ தேடற மாதிரி. கடைசியில ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு வீட்டு வாசல்ல அந்தத் தையல் மிஷின் தெரிஞ்சுது.

"வா நைனா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"ன்னான். பொண்ணு எங்கன்னு கேட்டேன். மெயின் ரோடு தாண்டி டியூஷன் போயிருக்கு, தெனம் நான்தான் கொண்டு போய் வுட்டுட்டு வரேன்னான். அந்தம்மா தலையாட்டிட்டு உள்ள போய் சோறு போட்டாங்க. கருவாட்டுக் குழம்பு. நல்லா சாப்பிட்டேன், ரெண்டு தடவை கேட்டு வாங்கி. அவங்க பாக்கணும்னே சத்தமா சாப்பிட்டேன்னு நெனைக்கிறேன். அப்புறம் ஒரு எவர்சில்வர் தட்டுல அதிரசம் வந்துச்சு. அந்த வாசனை மூக்குல ஏறுச்சு. எச்சில் கையோடயே சொல்லிட்டேன்.

"அந்த டிரம்ல கெடந்ததுல ஒண்ணு எங்க வீட்டுது. அம்மா போட்டாங்க. நான் பாத்துகினு உக்காந்திருந்தேன்."

அவன் சிரிக்கல. தண்ணி சொம்பை எங்கிட்ட நகத்தி வெச்சான்.

"தெரியும்பா"ன்னான்.

"எப்படித் தெரியும்?"

"அந்த பிளாக்குல இங்கிலீஷ் பேப்பர் வாங்கறவன் நீ ஒர்த்தன்தானே. பேப்பரோடதான் மெதந்துச்சு."

"அப்ப சைக்கிள் ஸ்டாண்டுல எங்கிட்ட பேசினப்பவே..."

"தெரியும்."

அந்த மழை, அந்த தகரக் கூரை, சீட்டு கவரைச் சுருட்டிகினு என்னையே பாத்தது, நீ சொன்னா போதும்னு சொன்னது, எல்லாம் அப்படியே திரும்பி என்னைப் பாத்துச்சு. நான் அப்பவும் ஒரு சாக்கு தேடினேன். கையைக் கழுவாமலே சொன்னேன், "நான் கூட்டத்துல கொண்டுவந்தேன் இல்ல? சங்கம்தான் அப்படி முடிவு பண்ணிடுச்சு."

அதுவரைக்கும் வாசப்படியில உக்காந்திருந்த அந்தம்மா தட்டை எடுக்கறதுக்குக் குனிஞ்சாங்க. என் முகத்தைப் பாத்து, குரலை ஒசத்தாம சொன்னாங்க:

"நாங்க சங்கத்த கேக்கலண்ணே. ஒங்களத்தான் கேட்டோம்."